எதிராளிக்கும் ஒரு வீடு இருக்கிறதா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

படம் பார்ப்பது கூடுமா கூடாதா என்று இங்கே பேசப்போவதில்லை. அதைச் சொல்லத் தகுதியான உலமாக்கள் ஊரில் இருக்கிறார்கள். நமது கவலை வேறு. நமது பிள்ளைகள் ஏற்கனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்தியாவில் வெளியாகும் படம் இரண்டு மூன்று நாளில் யாரோ ஒருவரின் போனுக்கு வந்துவிடுகிறது. அடுத்த திங்கட்கிழமை ஒன்பதாம் ஆண்டு வகுப்பில் அதன் வசனம் ஓடுகிறது. வீட்டில் உம்மா வாப்பாவுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அதைப்பற்றிப் பேச்சில்லை. பள்ளிவாசலில் கண்டிக்கிறோம், பாடசாலையில் கண்டும் காணாமல் விடுகிறோம். ஆக, பிள்ளை தனியாகப் பார்க்கிறது, பார்த்ததைத் தனியாகவே விளங்கிக்கொள்கிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆகவே கடந்த இரண்டு மூன்று வருடங்களில் வந்த படங்கள் சிலவற்றைப் பற்றி நாமும் பேசிப் பார்ப்போம். சண்டைப் படம், குடும்பப் படம், விளையாட்டுப் படம், கல்லூரிப் படம் எல்லாம் இதில் வரும். நாம் ஆசிரியர்கள். புள்ளியிடும் திட்டம் இல்லாமல் எந்த விடைத்தாளையும் தொடமாட்டோம். இதற்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறோம். அதில் ஒரேயொரு கேள்விதான்: இந்தப் படத்தில் எதிராளிக்கும் ஒரு வீடு இருக்கிறதா?

வீடு என்று நாம் சொல்வது சுவரையும் கூரையையும் மட்டுமல்ல. அவனுக்கு ஒரு உம்மா இருக்கிறாவா? கடன் இருக்கிறதா? அவன் எதற்காவது சிரிக்கிறானா? அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று நமக்குக் காட்டினார்களா? இல்லாவிட்டால் தாடியும் துப்பாக்கியும் மட்டும்தானா?

'அமரன்' படத்திலிருந்து தொடங்குவோம். 2024 தீபாவளிக்கு வந்தது. ராஜ்குமார் பெரியசாமி இயக்கியது, கமல்ஹாசனின் நிறுவனம் தயாரித்தது. மேஜர் முகுந்த் வரதராஜன் உண்மையான மனிதர். 2014 ஏப்ரலில் காஷ்மீரின் சோபியானில் உயிரிழந்தவர். அவரது குடும்பத்தின் துயரத்தை மதிக்காமல் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. படமும் அந்தத் துயரத்தைக் கண்ணியமாகவே சொல்கிறது. அவரது மனைவி இந்துவாக வரும் சாய் பல்லவி, வீட்டில் காத்திருக்கும் ஒரு பெண்ணின் மனதை முகத்திலேயே கொண்டுவந்துவிடுகிறார். கேரளத்துக் கிறிஸ்தவ வீடு ஒன்று, சென்னை வீடு ஒன்று, இரண்டு குடும்பத்தின் தயக்கம், சம்மதம், தொலைபேசிப் பேச்சு எல்லாவற்றுக்கும் படம் நேரம் ஒதுக்குகிறது.

காஷ்மீருக்குப் போனதும் அந்த நேரம் இல்லாமல் போகிறது. அங்குள்ள மக்கள் பெரும்பாலும் கூட்டமாகவே வருகிறார்கள். கல் எறிகிற கூட்டம், ஒளித்து வைக்கிற கூட்டம், வேவு பார்க்கிற கூட்டம். எந்த வீட்டுக்குள்ளும் நம்மை உட்கார வைப்பதில்லை. கமெரா உள்ளே போவது சோதனை நடக்கும்போது மட்டும்தான். நடிப்புக்கும் படமாக்கத்துக்கும் நல்ல புள்ளி போடலாம். நமது ஒரு கேள்விக்கு மட்டும் விடைத்தாள் வெறுமை.

தமிழ்நாட்டில் எஸ்.டி.பி.ஐ. கட்சியினர் இந்தப் படத்துக்கு எதிராக ஆர்ப்பாட்டம் செய்தார்கள். எதிர்ப்பைத் தெரிவிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தடை கேட்கும் பாதையில் நமக்கு நம்பிக்கை இல்லை. 2012இல் 'துப்பாக்கி' வந்தபோது முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன, சில காட்சிகள் நீக்கப்பட்டன. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' தமிழ்நாட்டில் இரண்டு வாரம் தடைசெய்யப்பட்டது. பிறகு என்ன நடந்தது? படம் வெளியாகி நன்றாகவே ஓடியது. 'பீஸ்ட்' வந்தபோது குவைத் அதற்கு அனுமதி மறுத்தது. நமது பிள்ளைகள் அதையும் போனில் பார்த்தார்கள். தடை ஒரு படத்தை நிறுத்தலாம், அந்தப் படம் விதைத்த எண்ணத்துக்குப் பதில் சொல்லாது. பதில் சொல்ல இன்னொரு கதை வேண்டும்.

அப்படியொரு கதையைத் தமிழிலேயே காட்டினார்கள். 2021இல் வந்த வெங்கட் பிரபுவின் 'மாநாடு'. சிம்பு அதில் அப்துல் காலிக். ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற அறிவியல் புனைகதை. ஒரு கொலையைச் செய்து பழியை ஒரு முஸ்லிம் இளைஞன் மீது போட்டு, கலவரத்தை மூட்டும் சதி. அதைத் தடுக்க வேண்டியவனும் ஒரு முஸ்லிம். தன் தேசப்பற்றை நிரூபிப்பதற்காக அவன் இன்னொரு முஸ்லிமைச் சுட வேண்டியதில்லை. மாட்டிக்கொண்ட அப்பாவியைக் காப்பாற்றுவதுதான் அவன் வேலை. சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம், எஸ்.ஜே. சூர்யா பட்டையைக் கிளப்பிய படம். அறிவுரை சொல்வதாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. நமது மாணவர்கள் அதை ரசித்ததற்குக் காரணமும் அதுதான்.

அடுத்தது 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 2025 மே முதலாம் திகதி வந்தது. அபிஷன் ஜீவிந்த் என்ற புது இயக்குநரின் முதல் படம். பொருளாதார நெருக்கடி தாங்க முடியாமல் இலங்கையிலிருந்து படகில் இராமேஸ்வரம் போய், சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் தாய் தகப்பன். இதே சிம்ரன் 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் இலங்கைப் பிள்ளையொன்றை வளர்க்கும் சென்னைத் தாயாக வந்தவர். இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு இலங்கைத் தாயாகவே வருகிறார்.

2022ஐ நாம் மறக்கவில்லை. பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை, பசளை இல்லாமல் காய்ந்த வேளாண்மை. அதனால்தான் அந்தக் குடும்பம் ஏன் படகேறியது என்று நமக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. படத்தில் குறை உண்டு. அந்தத் தெருவில் எல்லோரும் நல்லவர்கள், எல்லாச் சிக்கலும் ஒரு கட்டிப்பிடிப்பில் தீர்ந்துவிடுகிறது. அகதியாகப் போனவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். என்றாலும் ஒரு விடயத்தில் அந்த இயக்குநருக்கு நன்றி சொல்ல வேண்டும். 2000இல் வந்த 'தெனாலி'யில் இலங்கைத் தமிழைக் கேட்டதும் தியேட்டர் சிரித்தது. இங்கே அதே பேச்சில் ஒரு தகப்பன் அன்பு காட்டுகிறான், ஒரு குடும்பம் துக்கம் விசாரிக்கிறது, யாரும் சிரிக்கவில்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு வகுப்பறையிலிருந்து ஒன்று சொல்கிறோம். தமிழ்மொழித் தினப் போட்டிக்காக நமது மாணவர்கள் தாங்களே ஒரு நாடகம் எழுதினார்கள். நல்ல கதை. ஆனால் கதாநாயகன் பேசியது சென்னைத் தமிழ். கதாநாயகியும் அப்படியே. நமது ஊர்ப் பேச்சைப் பேசியவர்கள் இரண்டே பேர்: ஒருவர் வேலைக்காரர், மற்றவர் கோமாளி. யாரும் அவர்களுக்கு அப்படி எழுதச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெருமையான விடயத்தைப் பேச வேறொரு தமிழ் வேண்டும், சிரிப்புக்குத்தான் நமது தமிழ் என்று பிள்ளைகள் தாங்களாகவே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யிலும் நமது பேச்சு இல்லை. இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணத் தமிழ் என்பதுதான் சினிமாவின் கணக்கு. உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா என்று கூப்பிடுகிற, கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இலட்சக்கணக்கானோர் பேசுகிற தமிழை அந்தத் திரை இன்னும் கேட்டதில்லை. முஸ்லிமைக் காட்டினால் அவன் காஷ்மீரிலோ கோயம்புத்தூரிலோ இருப்பான். இலங்கையரைக் காட்டினால் அவர் வடக்கில் இருப்பார். இரண்டும் சேர்ந்த நமக்குத் திரையில் கதிரை இல்லை.

பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நமது நாட்டு இயக்குநர் கேரள நடிகர்களை வைத்து எடுத்த படம். 2023இல் பூசான் விழாவில் விருது பெற்றது. 2022 நெருக்கடிக் காலத்தில் இராமாயண இடங்களைப் பார்க்க மலையகத்துக்கு வரும் இந்தியத் தம்பதியர். அவர்களது பொருட்கள் களவு போகின்றன. பொலிஸ் யாரையாவது பிடித்துக் காட்ட வேண்டும், தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களைப் பிடிக்கிறது. இந்தப் படத்தில் பொலிஸ்காரர்கூடக் கெட்டவராக மட்டும் வரவில்லை. பெற்றோல் இல்லாத ஜீப், மேலிடத்து நெருக்குதல் எல்லாம் அவர் தலையில். அவரை நமக்குப் பிடிக்காது, ஆனால் விளங்குகிறது. நமது கேள்விக்கு முழுப் புள்ளி இந்தப் படத்துக்குத்தான். மாணவர்களுக்கு இது மெதுவான படம். பெரியவர்கள் கட்டாயம் பாருங்கள்.

இனி விளையாட்டு. 'லப்பர் பந்து', 2024. தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. கடற்கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் மென்பந்துக் கிரிக்கெட் ஆடி வளர்ந்த நமது பொடியன்களுக்கு இதைவிட நெருக்கமான படம் கிடையாது. ஒரு பந்து வீச்சாளன், வயது போனாலும் விளாசுவதை விடாத ஒரு துடுப்பாட்டக்காரர், இருவருக்கும் மைதானத்தில் பகை. அந்தத் துடுப்பாட்டக்காரரின் மகளைத்தான் பந்து வீச்சாளன் விரும்புகிறான். சாதியைச் சொல்லித் திறமைசாலியை அணியில் சேர்க்காத கதையும் உள்ளே ஓடுகிறது. படத்தில் வில்லன் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. எதிராளியின் வீட்டுக்குள் நம்மைக் கூட்டிப்போகிறார்கள். கிரிக்கெட்டைக் கண்டாலே கோபப்படும் அவரது மனைவியைப் பார்க்கிறோம், அவர் அவளுக்குப் பயந்து ஒளிவதைப் பார்க்கிறோம். அதற்குப் பிறகு அவர் தோற்க வேண்டும் என்று நம்மால் விரும்ப முடியவில்லை.

நமக்குச் சாதி இல்லை என்று சொல்லித் தப்பிவிடாதீர்கள். ஊர் இருக்கிறது. எந்த ஊர்க் கழகத்துக்கு எந்த ஊர்ப் பிள்ளை விளையாடலாம் என்று நாம் பிடிக்கும் சண்டை கொஞ்சமா?

'வாழை' பற்றி ஆசிரியராக ஒரு வார்த்தை. மாரி செல்வராஜ் தன் சிறுபராயத்திலிருந்து எடுத்தது, 2024. நன்றாகப் படிக்கிற பையன், டீச்சர் மீது உயிராக இருக்கிறான். ஆனால் பாடசாலை இல்லாத நாளெல்லாம் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். வீட்டுக் கடன் அப்படி. முடிவைச் சொல்லமாட்டோம், பாருங்கள். வேளாண்மை வெட்டுக் காலத்திலும், கரைவலையில் மீன் படும் நாட்களிலும் நமது வகுப்பில் வெறுமையாகக் கிடக்கும் கதிரைகள் எவை என்று நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே இடாப்பில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறோம். இந்தப் படம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டைக் காட்டுகிறது.

'டிராகன்', 2025. பிரதீப் ரங்கநாதன் நடித்தது, மாணவர்கள் கொண்டாடியது. கல்லூரியில் 48 பாடம் கோட்டைவிட்டவன் போலிச் சான்றிதழில் வேலைக்குப் போய், பிடிபட்டு, மீண்டும் கல்லூரிக்கு வந்து படிக்கும் கதை. முதல் பாதி நமக்கு எரிச்சல். படிக்காமல் திரிவதை இவ்வளவு அழகாக்க வேண்டுமா? ஆனால் கடைசியில் படம் சரியான கேள்வியைக் கேட்கிறது. நீ பொய்யாகப் பிடித்த இடம் இன்னொருவனுக்குரியது அல்லவா, அவன் என்ன ஆனான்? சாதாரண தரப் பரீட்சைக்குத் துண்டு கொண்டுபோக நினைக்கும் பிள்ளைக்கு நாம் பத்து முறை சொல்லியும் ஏறாதது இந்தப் படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஏறலாம். வகுப்பில் அந்தக் கடைசிப் பகுதியைப் பேசுங்கள்.

மலையாளத்தில் 2024இல் வந்த 'ஆடு ஜீவிதம்' நமது வீடுகளின் படம். பென்யாமினின் நாவலை பிளெஸ்ஸி எடுத்தார். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன நஜீப் பாலைவனத்தில் ஆட்டு மந்தையோடு அடிமையாகிறான். நமது ஊர்களில் வெளிநாட்டுக்குப் போகாத ஆளில்லாத வீடு குறைவு. விமான நிலையத்தில் ஏமாற்றப்படும் காட்சியைப் பார்த்து வாயடைத்துப்போன வாப்பாமார் நமக்குத் தெரியும்.

நமது கேள்வியை இதில் போட்டுப் பாருங்கள். அடிமைப்படுத்தியவன் முஸ்லிம், அடிமைப்பட்டவன் முஸ்லிம், வழிகாட்டித் தப்பவைத்தவன் முஸ்லிம், கடைசியில் வீதியில் வாகனத்தை நிறுத்தி ஏற்றிச் சென்றவரும் முஸ்லிம். எல்லோரும் முஸ்லிம் என்று ஆனதும் அந்த அடையாளத்தால் எவனையும் கெட்டவன் என்றோ நல்லவன் என்றோ சொல்ல முடியாமல் போகிறது. மனிதன் என்ன செய்தான் என்பது மட்டும் மிஞ்சுகிறது. தமிழ்ப் படங்கள் நமக்கு ஒரு படத்தில் ஒரு முஸ்லிமைத் தருகின்றன. அந்த ஒருவன் கெட்டவனாக இருந்தால் எல்லோரும் கெட்டவர், தியாகியாக இருந்தால் எல்லோரும் தியாகி. ஒரே படத்தில் பத்து முஸ்லிம்களைக் காட்டுங்கள், அந்தச் சிக்கல் தீர்ந்தது.

மலப்புறத்து இளைஞர்கள் அதைத்தான் செய்தார்கள். சக்கரியாவின் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' 2018இல் வந்தது. கால் முறிந்த ஆபிரிக்க உதைபந்தாட்டக்காரனைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கும் இரண்டு வயதான உம்மாமார். மொழி தெரியாது, பாசம் தெரியும். அடுத்து 2020இல் 'ஹலால் லவ் ஸ்டோரி'. மார்க்கத்தின் வரம்புக்குள் நின்று ஒரு படம் எடுக்க முயலும் இயக்கத்தாரின் பாடு. தங்களையே பார்த்துச் சிரிக்கும் தைரியம் அந்தப் படத்தில் இருக்கிறது. அவர்கள் யாரிடமும் எங்களை நல்லவராகக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தங்கள் பேச்சில், தங்கள் முற்றத்தில் கமெராவை வைத்தார்கள்.

நமக்குக் கதை இல்லையா? 2004 சுனாமியில் மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் இழந்தவை இல்லையா? 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் என்ன நடந்தது என்று உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த வீட்டுக்கு வந்திருந்த அந்நியர்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அதே ஊர் முஸ்லிம்கள் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அடுத்த வருடம் கொரோனாவில் இறந்த நமது மையித்துகளை எரித்தார்கள். 2021 பெப்ரவரி வரை எரித்தார்கள். அடக்கம் செய்ய முடியாமல்போன ஒரு தாயின் நாற்பதாம் நாள், ஒரு முழுப் படத்துக்குப் போதும்.

ஆனால் உறவுகளே, நாம் எடுக்கும் படத்துக்கும் இதே புள்ளியிடும் திட்டம்தான். இங்கேதான் உண்மையான பரீட்சை.

கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி வந்தால் நமது பகுதியில் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் வயலோடு வயல் தொட்டபடி கிடக்கின்றன. மாரியில் தாம்போதி மூடினால் இரு சாராரும் ஒரே தோணிக்குக் காத்திருக்கிறோம். 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டதை நாம் எடுப்போம், எடுக்கத்தான் வேண்டும். அதே ஓகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதை யார் எடுப்பது? காத்தான்குடியை எடுக்கும் நமது படத்தில் ஒரு தமிழ்த் தாயின் அடுப்படி இருக்குமா? வீரமுனையை எடுக்கும் அவர்கள் படத்தில் ஒரு முஸ்லிம் உம்மாவின் முற்றம் இருக்குமா? இரண்டும் இல்லாவிட்டால், 'அமரன்' நமக்குச் செய்ததை நாம் பக்கத்து ஊருக்குச் செய்தவர்களாவோம். நமது பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே படங்களைத்தான் பார்க்கிறார்கள், ஒரே சந்தையில்தான் மீன் வாங்குகிறார்கள். ஒருவர் வீட்டை மற்றவர் திரையிலாவது பார்க்காமல் இனி எத்தனை வருடம்?

இப்போதைக்குப் பெரிய கமெரா வேண்டாம். போன் இருக்கிறது. பாடசாலைகளில் ஊடகக் கழகம் இருக்கிறது. ஐந்து நிமிடக் குறும்படம், நமது ஊர்த் தமிழில், ஒரு வீட்டைப் பற்றி. ஒரேயொரு நிபந்தனை: கதையில் பிள்ளைக்குப் பிடிக்காத ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கும் ஒரு வீடு இருக்க வேண்டும். ஆசிரிய நண்பர்கள் அடுத்த தவணையில் முயன்று பாருங்கள், நாமும் முயல்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் போனைப் பறிக்க முன்னர் ஒரு முறை பக்கத்தில் இருந்து பாருங்கள். முடிந்ததும் கேளுங்கள்: இதில் கெட்டவன் யார்? அவன் வீடு எங்கே? அவனுடைய உம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பா?

நீங்கள் கடைசியாகப் பார்த்த படம் எது, அதில் யாருடைய வீட்டைக் காட்டாமல் விட்டார்கள் என்று கீழே எழுதுங்கள். நல்ல பதில்களை வகுப்பில் வாசித்துக் காட்டுவோம்.